விழுந்த விதம்

அடுத்தவர் தலையில் நேராக வகிடு எடுப்பது சிரமம். பத்து மாதங்களாக என் மாமியாருக்குத் தினமும் தலை சீவிவிடுகிறேன். இன்னும் கோணல்தான்.

“என்ன மாப்பிள்ளை, வகிடு எடுக்கச் சொன்னா குறுக்குச் சந்து போட்டிருக்கீங்க” என்பார்.

“திரும்பாம உக்காருங்க அத்தை.”

“நான் எங்க திரும்புறேன்? திரும்புற தோளா இது?”

மருத்துவமனைப் படிவத்தில் ‘விழுந்த விதம்’ என்று ஒரு கட்டம் உண்டு. இரண்டு வரி இடம். ‘ஈரத் தரையில் வழுக்கி’ என்று எழுதினேன். அதில் பொய் இல்லை. தரை ஏன் ஈரமாக இருந்தது என்று எழுத இடம் விடவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் மனைவி படுக்கையில் கிடந்தபோது பார்த்துக்கொள்ள வந்தவர் அவர். அவள் போன பிறகும் நான்கு மாதம் இருந்தார். பிறகு மகன் வீட்டுக்குக் கிளம்பினார். நியாயம்தான். ஆனால் என் மனைவி எப்போதும் மூன்று முறை தும்முவாள். மூன்றாவது கொஞ்சம் தாமதித்து வரும். அவள் அம்மாவுக்கும் அப்படியே வரும். அடுத்த அறையிலிருந்து கேட்டால் வித்தியாசம் தெரியாது.

கிளம்பும் நாள் காலையில் பெட்டி வாசலில் நின்றது. நான் சோப்புத் தண்ணீர் விட்டுக் கூடத்தைத் துடைத்தேன். உலர்ந்த துணி கையில்தான் இருந்தது. கணுக்காலில் ஒரு சுளுக்கு, பத்து நாள் ஓய்வு. அவ்வளவுதான் நான் நினைத்தது. கிடைத்தது வலது தோளில் நான்கு துண்டு.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கலகலப்பான மனிதர்.

“பிளேட் வச்சு ஸ்க்ரூ போட்டு ஒட்டலாம். ஆனா எழுபத்தி ரெண்டு வயசு எலும்பு, ரஸ்க் மாதிரி இருக்கு. ஸ்க்ரூ பிடிக்காம போகலாம், மறுபடி திறக்க வேண்டி வரும். இல்லைன்னா செயற்கை மூட்டு. குண்டு இருந்த இடத்துல குழி, குழி இருந்த இடத்துல குண்டு, மாத்திப் போட்டுடுவேன். மூணு, நாலு மாசத்துல அவங்களே தலை சீவிக்குவாங்க. நான் இதைத்தான் சொல்வேன்.”

நான் இரண்டையும் பொறுமையாக யோசித்தேன். ஒன்றில் நான்கு மாதம். மற்றதில் மறுபடி திறக்க வேண்டி வரும்.

“சொந்த எலும்பைத் தூக்கி எறியணுமா டாக்டர்?” என்று கேட்டேன்.

அத்தை அழுதுவிட்டார். “மாப்பிள்ளை சொல்றதுதான் சரி. என் எலும்பு எனக்கே இருக்கட்டும்.” இடது கையால் படிவத்தில் கிறுக்கினார். மைத்துனர் போனில், “நீங்க இருக்கும்போது எனக்கென்ன கவலை மச்சான்” என்றார்.

டாக்டர் கெட்டிக்காரர். சொன்னபடியே ஐந்தாம் மாதம் ஸ்க்ரூ எலும்பைத் துளைத்து வெளியே எட்டிப் பார்த்தது. வலியில் அத்தை உட்கார்ந்தபடியேதான் தூங்கினார். நான் தலையணை மாற்றி வைத்தேன். மறுபடி திறந்து மாற்று மூட்டு வைத்தார்கள். அதற்கு மேலும் ஐந்து மாதம். இந்தப் பத்து மாதத்தில் அவருக்கு ஒரு வேளை மாத்திரைகூட நான் தவறவிட்டதில்லை. கெட்ட எண்ணம் உள்ளவன் இப்படிப் பார்த்துக்கொள்வானா?

இன்று காலை அவரே தலை சீவிக்கொண்டார். கை தலைக்கு மேலே போனது. வகிடு நூல் பிடித்த மாதிரி இருந்தது. டாக்டர் கேட்டால் துள்ளிக் குதிப்பார்.

நாளை மைத்துனர் கார் எடுத்துக்கொண்டு வருகிறார். பெட்டி மறுபடி வாசலுக்கு வந்துவிட்டது.

“பெத்த பிள்ளைகூட இப்படிப் பார்த்திருக்க மாட்டான் மாப்பிள்ளை” என்றார் அத்தை. “என் பின்னாடியே ஓடி வீட்டைக் கோட்டை விட்டுட்டீங்க. கூடத்தைப் பாருங்க, ஒரே தூசி. நான் போனதும் நல்லா துடைச்சு விடுங்க.”

“நீங்க கிளம்புறதுக்கு முன்னாடியே துடைச்சிடறேன் அத்தை.”

அவர் தும்மினார். ஒன்று, இரண்டு. மூன்றாவதற்காக வாளியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். வந்தது.

வலது தோளில் இருப்பது உலோகம். அதைப் பற்றிக் கவலை இல்லை. இடது தோள் இன்னும் சொந்த எலும்புதான்.