ஞானத்தகப்பன் கொடுத்த கன்று

கிறிஸ்துமஸ் அன்று எங்கள் தீவில் ஞானத்தகப்பன்மார் கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிந்துகொள்வார்கள், சார். ஞானப்பிள்ளைகள் வரிசையாக வந்து எங்கள் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் ஒற்றிக்கொண்டு பரிசு கேட்குமே, அந்தப் பயம். நான் ஒளிந்ததே இல்லை. பாதித் தீவுப் பிள்ளைகளுக்கு நான்தான் நீனோங், அதாவது ஞானத்தகப்பன்.

எங்களுக்குச் சோறு போடுவது அபாகா. வாழைக்குத் தங்கை முறை. பழத்துக்கு ஆகாது, நாருக்குத்தான். அதற்கு எமன் முடிக்கொத்து நோய். பாக்கோல் என்கிற காட்டு வாழையை மட்டும் அந்த நோய் தொடாது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டின் மரபணுக்களையும் வரி வரியாகப் படித்து, எதிர்ப்புச் சக்தி எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்தவன் நான். இரண்டையும் இனக்கலப்பு செய்து, அந்த இடம் மாறாத கன்றுகளை மட்டும் பொறுக்கி வளர்த்தேன். நோய் சுமந்த அசுவினிப் பூச்சிகளை மேலே விட்டும் கன்று கல்லுப்போல நின்றது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

என் ஞானமகள் லிகாயாவின் அப்பா செல்மோவிடம்தான் முதலில் கொண்டுபோனேன். நார் உரித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். பிள்ளையைப் பெற்றவரும் ஞானத்தகப்பனும் ஒருவரையொருவர் கும்பாரே என்றுதான் கூப்பிடுவோம்.

"நம்ம தீவுலதான் நோயே கெடையாதே, கும்பாரே! இல்லாத பாம்புக்கு எதுக்குத் தடி? ஒக்காருங்க, சாப்பிடலாம்."

தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரை நன்றாக இருந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தீவில் நோய் இல்லை. அந்தக் குறையை நான் சரிசெய்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் சிவப்பு ரிப்பன் கட்டிய சாதாரண அபாகாக் கன்று ஒன்று கொடுத்தேன். மட்டை இடுக்கில் ஆய்வுக்கூடத்து நோய் சுமந்த அசுவினிகள் இருந்தன. ஞானத்தகப்பன் கொடுத்ததை யாரும் ஓரத்தில் நட மாட்டார்கள். தோட்டத்து நடுவில் நட்டார்கள்.

மழை முடிவதற்குள் மலை முழுக்கக் குருத்துகள் கொத்தாகச் சுருண்டுவிட்டன. செல்மோ வரப்பில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், நான் என்ன கல்லா?

"லிகாயா நர்ஸ் படிப்பே இந்த நாருலதான் கும்பாரே இருந்துச்சு. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க, நாந்தான் சிரிச்சேன். மன்னிச்சிருங்க. அந்தக் கன்னு இன்னும் இருக்கா?"

மன்னித்தேன். கன்றும் கொடுத்தேன். தீவு முழுக்க அதைத்தான் நட்டார்கள், தளதளவென்று வளர்ந்தது. முதல் அறுவடையில் செல்மோ மட்டையைக் கத்தியில் கொடுத்து இழுத்தார். நார் வெந்த சேமியாவாக அறுந்தது. காட்டு வாழை தன் எதிர்ப்புச் சக்தியோடு சொத்தை நாரையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. மரபணுவில் நான் நோயின் பக்கத்தைத்தான் பார்த்தேன். நாரின் பக்கத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

எல்லோரும் மணிலாவுக்குக் கூலி வேலைக்குக் கப்பல் ஏறினார்கள். துறைமுகத்தில் லிகாயா என் கையை நெற்றியில் ஒற்றிக்கொள்ளவில்லை.

"நீங்க குடுத்த கன்னுதான் மொதல்ல சுருண்டுச்சு, நீனோங்."

கெட்டிக்காரப் பெண். படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள்.

ஆமாம் சார், தெரிந்தேதான் கொடுத்தேன். ஆனால் தீவை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். ஆள்தான் இருக்கமாட்டார்கள். நோய் கண்ட செடி ஒன்றுகூடக் கிடையாது. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.