படத்த மூடிட்டுப் படி

டக்கு டக்குனு செருப்பு சத்தம் கேட்டப்பவே நெனச்சேன், இது நம்ம பக்கத்து ஆளு இல்லன்னு. இங்க அல்லாம் ரப்பர் செருப்பு டீச்சர், மீன் தண்ணில சளக்கு சளக்குனு வரும். தலைய தூக்காமலே டீச்சர் வாங்கன்னேன் பாத்தீங்களா. ஒக்காருங்க. அந்த ஐஸு பொட்டிய கவுத்து போட்டுகினு ஒக்காருங்க, மேல சாக்கு கீது. சேல அயுக்காவாது.

இன்னாது, சங்கராவா? குடுங்க, ஆஞ்சி தரேன். செவுளு செவப்பாத்தான் கீது, ஏமாறல நீங்க. வெறுங்கையோட வந்து நின்னா புள்ள மெரண்டுடும், மீன் ஆய வந்தா மாதிரி வரலாம்னு யோசிச்சிகிறீங்க. புரியுது. நல்ல மனசு உங்களுக்கு. அதனாலதான் தைரியமா கேக்கறேன், அந்த ஆஸ்பத்திரி மட்டும் வாணா டீச்சர்.

ஸ்கூல் ஆயா காலைலயே வந்து சொல்லிட்டு பூட்ச்சி. ரெண்டாவது வந்த புள்ள ஒரு எயுத்து சொல்ல மாட்டேங்குது, அரும்பு கூட்டத்துல சின்னதுங்களோட ஒக்கார வெச்சும் ஒண்ணும் நடக்கல, பெரிய ஆஸ்பத்திரில காட்டி மூளைய டெஸ்ட்டு பண்ணி எய்தி வாங்கிகினு வந்தா இந்த மாதிரி புள்ளைங்களுக்குன்னு கீற ஸ்கூல்ல சேத்துடலாம்னு சொன்னீங்களாம். நல்லதுக்குதான் சொல்றீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா அங்க ஒருவாட்டி இவளுக்கு பேரு வெச்சிட்டாங்கன்னா, அப்பறம் அந்த பேர யாரு எடுப்பா? இந்த சந்துல ஒருத்தனுக்கு சின்ன வயசுல நொண்டின்னு பேரு வெச்சாங்க. காலு சரியாயி ஓடறான் டீச்சர் அவன். இன்னிக்கும் நொண்டிதான்.

அவங்கப்பாவா? தங்கலுக்கு போய்க்கிறாரு. லாஞ்சில போயி கடல்லியே தங்கி மீன் புட்ச்சிகினு வருவாங்கல்ல, அது. கேரளா பக்கம். வருவாரு வருவாரு. ஏய் கீர்த்தி, இன்னாத்துக்கு வாய பாத்துகினு நிக்கற? அந்த செதிலு தண்ணிய கொட்டிட்டு வா. ரோட்ல கொட்டாத, போன வாட்டி மாதிரி லாரிக்காரன் கத்துவான்.

போன வருசம் இவளுக்கு ஒண்ணாவதுல ஃப்ளோரா மிஸ்ஸு. நீங்க பாத்திருக்க மாட்டீங்க, நீங்க வரதுக்கு முன்னாடியே மாத்தலாகி பூட்டாங்க. ராயபுரத்து பொண்ணு, அவங்கப்பா ரயில்வே. வாய தொறந்தா எங்கள மாதிரியேதான் பேசும். மொத மீட்டிங்ல அம்மாங்கள அல்லாம் பின்னாடி ஒக்கார வெச்சிட்டு, புள்ளைங்கள பாடம் படிக்க சொல்லிச்சி. அணில், ஆடு, இலைன்னு அல்லாம் ஒண்ணா கத்துதுங்க. எங்களுக்கு பெருமை தாங்கல. அப்பறம் அது இன்னா பண்ணிச்சி, புக்குல படத்து மேல கைய வெச்சி மூடிச்சி. எயுத்து மட்டும் தெரியுது. இப்ப படத்த மூடிட்டு படிங்கடான்னிச்சி. ஒரு புள்ள வாய தொறக்கணுமே. அம்மாங்க ஒருத்தி மூஞ்ச ஒருத்தி பாத்துகினோம்.

நானும் அந்த மாதிரிதான் டீச்சர். அஞ்சாவது வரிக்கும் போனவ நானு. கூட்டத்தோட கத்துவேன். என் சத்தந்தான் பெருசா கேக்கும், கெட்டிக்காரின்னு சாரு முன்னாடி ஒக்கார வெப்பாரு. ஒருவாட்டி வெளியிலேந்து ஒரு ஆபீசரு வந்து வேற புக்க கைல குட்த்துட்டாரு. அவ்ளோதான். இன்னி வரிக்கும் என் பேர தவிர ஒண்ணும் தெரியாது. பஸ்ஸ நெம்பரு பாத்து ஏறுவேன். சினிமா போஸ்டரா கட்சி போஸ்டரான்னு மூஞ்ச பாத்து சொல்லுவேன். அதுக்கு கீய எய்திகிறது அல்லாம் எனக்கு வெறும் கிறுக்கலு.

கீர்த்தி அப்டி இல்ல. அந்த மிஸ்ஸு கைல மாட்டினா பாருங்க, உடும்பு மாதிரி புட்ச்சிகினா. தெனம் வூட்டுக்கு போற வழில ஒரு சொல்லு புட்ச்சிகினு வரச் சொல்லும் அது. கட போர்டு, பஸ்ஸு, லாரி முதுவு, எங்க இருந்தாலும் சரி. காலைல கிளாஸ்ல நொழஞ்சதும், இன்னாங்கடா இன்னிக்கி மீன்பாடு எப்டின்னு கேக்குமாம், கரைக்கு வந்த லாஞ்சிக்காரங்கள கேக்கறா மாதிரி. என் பொண்ணு ஒரு சொல்லோட நிக்க மாட்டா. கல்மண்டபம் தாண்டி வூடு வர்றதுக்குள்ள கூட கூடையா வாருவா. இடுப்புல கூடைய வெச்சிகினு நான் நின்னு நின்னு வருவேன். ஒருநாளு செவுத்துல இங்கு சிறுநீர் கழிக்காதீர்னு படிச்சிட்டு, யம்மா இங்கதான நம்ம மதி மாமா நின்னுகினு இருந்தாருன்னு ரோடே கேக்கறா மாதிரி சொல்லிட்டா. அந்த ஆளு டீக்கடைலதான் ஒக்காந்துகினு கீறான். நான் மூஞ்ச எங்க வெச்சிக்கறது.

சிரிச்சிட்டீங்க. நல்லாத்தான் இருந்துச்சி டீச்சர் அந்த நாளு.

இல்ல, படிச்சத அல்லாம் மறந்து போவல. நீங்களே யோசிச்சி பாருங்க. தெரியாத புள்ள எங்கியாச்சும் ஒருவாட்டி குருட்டாம்போக்குல சரியா சொல்லிடும்ல? நானே எத்தினி வாட்டி சொல்லிகிறேன். இவ உங்ககிட்ட ஒருவாட்டியாச்சும் சரியா சொன்னாளா? பாத்தீங்களா. அம்மான்னு எய்தி காட்டினா வாளிங்கறாளாமே. அம்மான்னு கூடவா தெரியாம பூடும். ஒண்ணு கூட தப்பித்தவறி சரியாய்ட கூடாதுன்னு பாத்து பாத்து தப்பா சொல்றா. சரியானது இன்னான்னு தெரிஞ்சாதான அப்டி சொல்ல முடியும்.

போன வாரம் ரேஷன் கடைக்கு இட்டுனு போனேன். வாசல்ல பலகைல இன்னாவோ எய்தி மாட்டிகிறாங்க. நான் பைய எட்த்துகினு வரிசைல நிக்க போறேன், இவ கைய புட்ச்சி இய்க்கறா. யம்மா வா, பூடலாங்கறா. ஏண்டின்னா, சும்மா வாங்கறா. அப்பறம் முன்னாடி நின்ன ஆளு சொல்றான், இன்னிக்கி பருப்பு வரலன்னு எய்திகிதே பாக்கலியான்னு. நான் இவள பாத்தேன். இவ தரைய பாத்துகினா.

கீர்த்தி, கொட்டிட்டியா? ரூஹி வூட்ல போயி கொஞ்சம் ஐஸு ஒடச்சி வாங்கிகினு வா கண்ணு. ஓடாத. மெல்லமா வந்தா போதும்.

போவட்டும்.

அவரு தங்கலுக்கு போனது மெய்தான். திரும்பி வரல. லாஞ்சில அல்லாரும் படுத்துகினு இருந்தப்ப எயுந்து போயிகிறாரு, ஒண்ணுக்கு போவவோ இன்னாவோ. விடிஞ்சி பாத்தா போர்வ மட்டும் கீது. சுத்துப்பட்டு லாஞ்சி அல்லாம் தேடிச்சி. ஒடம்பு கெடைக்கல. ஒடம்பு இல்லாம எத்த வெச்சி கருமாதி பண்ண சொல்றீங்கன்னு மாமியாரு கூட சண்ட போட்டேன். தோ, பூ வெச்சிகினுதான் கீறேன். பொட்டு கீது, தாலி கீது. இவகிட்ட கேரளா தங்கல்னு சொல்லி வெச்சிகிறேன். நல்லா நீஞ்சற மனுசன் டீச்சர்.

வருசம் திரும்பிச்சி. அவரு தோஸ்துங்க, பொன்ராஜும் அவன் செட்டும், என்ன ஒரு வார்த்த கேக்காம போஸ்டரு அட்ச்சி ஒட்டிட்டாங்க. பாசத்துல பண்ணதுதான், திட்ட மனசு வரல. இந்த பக்கம் ஒருத்தன் பூட்டா செவுத்துக்கு தெரியாம இருக்காதுல்ல. ஒட்டின ஈரம் காயல, எவனோ கட்சி மீட்டிங் போஸ்டர அதுமேல போட்டுட்டான். சரியா போட்டோ கீற எடத்துல. கீய எயுத்து மட்டும் நிக்குது. நான் தெனம் அத்த தாண்டித்தான் போறேன், எனக்கு தெரில. அவரு மூஞ்சி தெரிஞ்சிருந்தா நின்னிருப்பேன். எனக்கு படந்தான தெரியும்.

அன்னிக்கி இவள ஸ்கூல்லேந்து இட்டுனு வரேன். கன்டெய்னர் லாரிங்க வரிசையா நின்னுகினு கீது, லாரிக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு ஆளு போற எடம். இவ நின்னுட்டா. யம்மா, மிஸ்ஸு மாதிரி படத்த மூடி வெச்சிகிறாங்கன்னா. படிக்க ஆரம்பிச்சா. டில்லி. பாபு. எனக்கு ஒரே சந்தோசம். உங்கப்பா பேருடி, எவனோ கட்சிக்காரனுக்கும் அதே பேரு போலன்னேன். மேல படி, மேல படின்னு நான்தான் சொல்லிகினு நிக்கறேன். லாரி படில ஒக்காந்து டீ குட்ச்சிகினு இருந்த டிரைவரு செவுத்த பாத்தான், புள்ளைய பாத்தான், என் தலைல கீற பூவ பாத்தான். டம்ளர கீய வெச்சிட்டு எயுந்தான். போதும் பாப்பா, இருட்டுது, வூட்டுக்கு போன்னான். படிக்கிற புள்ளைய ஏன்யா கெடுக்கறன்னு நான் அவன திட்டிவுட்டேன். அவன் லாரிக்கு அந்த பக்கம் பூட்டான்.

இவ மிச்சத்த படிச்சி முட்ச்சிட்டா. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. கீய பொன்ராஜ் பேரு, அப்பறம் நைட்டெல்லாம் எங்க வூட்ல அவரோட கேரம் ஆடின அத்தினி பேரு பேரும்.

நினைவஞ்சலின்னா இன்னான்னு இங்க எந்த புள்ளைக்கு தெரியாது. செவுரு பூரா அதான.

அயுவல டீச்சர். வூட்டுக்கு வந்தா, சோறு துன்னா. கை கய்விகினே சொன்னா, யம்மா, நான் தப்பா பட்ச்சிட்டேன். எனக்கு படிக்க வராதும்மா. நான் ஆமாண்டின்னேன். வேற இன்னாத்த சொல்றது.

அன்னிலேந்துதான். லீவு வந்துட்ச்சி, ஃப்ளோரா மிஸ்ஸும் பூட்ச்சி, உங்ககிட்ட வந்த புள்ள இதான். அந்த போஸ்டரு இப்ப அங்க இல்ல, மேல இன்னும் எத்தினியோ ஒட்டியாச்சி. ஆனா அந்த எடம் வந்தா என் முந்தானைய தலைல போத்திக்கறா. மழையாடின்னா ஆமாங்கறா.

அதான் ஆஸ்பத்திரி வாணாங்கறேன். டாக்டரு கெட்டிக்காரரா இருந்தா கண்டுபுட்ச்சிடுவாரு. மூள நல்லா கீது, இவளுக்கு படிக்க வரும்னு எய்தி குட்த்துட்டா, அன்னிக்கி படிச்சதும் சரியாய்டும்ல. அரும்புலயே கொஞ்ச நாளு இருக்கட்டும். நான்தான் சொல்லணும் அவளுக்கு. அதுக்கு மொதல்ல இந்த பூவ எடுக்கணும். எட்த்துட்டு சொல்றேன்.

தோ வரா. மூஞ்ச தொட்சிக்கோங்க டீச்சர்.

வந்துட்டியா? கையி வெறச்சி பூட்ச்சா, காட்டு. சரி, மீனு மேல பரப்பி கொட்டு, அங்க இல்ல, இங்க. ஆங்.

இன்னா டீச்சர், கொயம்புக்கா, வறுக்கவா? கொயம்புன்னா தலைய வுட்டுடறேன்.