நாத்தனார் புடவையில் பழைய நெய்க்கறை

ஆவணியின் கடைசி முகூர்த்தத்துக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை. பென்னாகரத்திலிருந்து தர்மபுரி போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் ஒரு துணிப்பை.

“டிரை கிளீனிங்ல தண்ணியே படாம தொவைப்பாங்களாமே, நெசமாக்கா?”

“ஆமா. தண்ணில போட்டா பட்டு சுருங்கிரும், ஜரிகை கறுத்துரும். மெஷின்ல தண்ணிக்குப் பதிலா ஒரு மருந்து ஊத்திச் சுத்த உடுவாங்க. எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் கரைஞ்சு வந்துரும். என்ன கறைன்னு மட்டும் மறைக்காம சொல்லிரு.”

“பந்தில வடை உழுந்துருச்சுக்கா. புடவை என் நாத்தனாரோடது. தெரிஞ்சா ஊரே கேக்கறாப்ல கத்துவா.”

“பயப்படாத, புதுசாட்டம் வந்துரும்.”

இளையவளின் குரல் தாழ்ந்தது. “முந்தானைல அவளே சிந்துன நெய்க்கறை ஒண்ணு இருக்குது. அதும் போயிருமா?”

“போயிரும்.”

“அய்யோ, அப்ப கண்டுபுடிச்சிருவாளே!”

மூத்தவள் சற்று யோசித்தாள்.

“தொவைச்சு வந்ததும் அதே எடத்துல ஒரு சொட்டு நெய் உட்ரு.”

இளையவள் பையிலிருந்து முந்தானையை இழுத்து, கைபேசியை எடுத்தாள்.

“இப்படி விரிச்சுப் புடிங்கக்கா. கறையோட அளவு தெரியறாப்ல ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.”