வரிசையில் கடைசிக் கை

இரவு பதினொன்றரை. காரைக்காலிலிருந்து நெரவிக்குப் போகும் ரோடு. இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். தவளைச் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது. ரோட்டோரம் தனியாக ஒரு குடோன். வாசலில் ஒரு லாரி, பின்விளக்கு சிவப்பாக எரிகிறது. அந்தச் சிவப்பு வெளிச்சத்தில், சுவரோரம், மூட்டை இறக்கிய ஆட்கள் வரிசையாகக் குந்தியிருக்கிறார்கள். எல்லோரும் வலது கையை நீட்டியிருக்கிறார்கள்.

வரிசையில் ஒரு கை கூடுதலாக இருந்தது.

கரண்டு போன ஹாஸ்டல் அறையில், ஒரே பாயில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களிடம் நான் இப்படித்தான் ஆரம்பித்தேன். அல்லி போர்வையை மூக்கு வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

"கொலுசுச் சத்தம் எப்பயடி வரும்?"

"வராது. இது ஆம்பளப் பேயி. அதுலயும் கூலிக்காரப் பேயி. கொலுசுக்கு எங்கடி போவும்?"

சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

என்னோடு பி.ஏ. படித்த வடிவாம்பாளின் சொந்த மாமாவுக்கு நடந்தது இது. எண்பத்து மூன்றாம் வருஷ மழைக்காலம். மாமாவின் பெயர் நீலகண்டன். இதைச் சொன்னபோது வடிவாம்பாள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. என் அப்பா மூட்டை தூக்கித்தான் என்னைப் படிக்கவைத்தார். அந்த மாதிரி வரிசைகளில் அவரும் குந்தியிருக்கிறார்.

நீலகண்டன் மேஸ்திரி. லாரிக்காரர் ஆள் வைத்துக்கொள்ள மாட்டார். சரக்குக்காரரும் வைத்துக்கொள்ள மாட்டார். இறக்குவதற்கு ஒரு காண்ட்ராக்டர். அந்தக் காண்ட்ராக்டருக்கும் சொந்தமாக ஆள் கிடையாது. லாரி வருகிறது என்று தெரிந்தால் நீலகண்டன் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் நிற்பார். வரிச்சிக்குடி ஆள், பட்டினச்சேரி ஆள், யார் கிடைத்தாலும் சரி. "நீ வா, நீ வா" என்று தோளைத் தொட்டுக் கூட்டி வருவார். பெயர் கேட்க மாட்டார். வேலை முடிந்ததும் வரிசையாக உட்காரச் சொல்லி, குனிந்தபடியே நடந்து, நீட்டிய கைகளில் மடித்த நோட்டை வைத்துக்கொண்டே போவார். முகத்தைப் பார்க்க மாட்டார். முகம் கொடுத்தால் கூலியைக் கூட்டிக் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு.

முகம் தெரியாது. கை தெரியும். சிலது காய்ப்புக் காய்த்த கை, சிலது நகம் பேர்ந்த கை. ஒரு கையில் கட்டை விரலடியிலிருந்து சுண்டுவிரல் வரை குறுக்கே ஒரு தழும்பு, மூட்டை தூக்கும் கொக்கி கிழித்தது. அந்தக் கை அடிக்கடி வரும். அது வரிச்சிக்குடி சுப்ராயன் என்பது பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

ஐப்பசியில் ஒரு நாள் யூரியா லோடு. மழை வலுக்குமுன் இறக்கியாக வேண்டும். உள்ளே பழைய மூட்டைகளை அட்டி போட்டு முகடு வரைக்கும் அடுக்கியிருந்தார்கள். புது மூட்டைக்கு இடமில்லை. அட்டியின் ஓரத்தில் அடிமூட்டைகளை உருவி இடம் பண்ணச் சொன்னார் நீலகண்டன். மேலிருந்துதான் எடுக்க வேண்டும், அடியில் உருவக்கூடாது என்பது அந்த வேலையில் யாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். கரண்டு வேறு போய்விட்டது. இருட்டுக்குள் பொதபொதவென்று ஒரு சத்தம்... அப்புறம் ஒன்றுமில்லை. மழைச் சத்தத்தில் அதுவும் கரைந்துவிட்டது.

வேலை முடிந்து வரிசை உட்கார்ந்தது. நீலகண்டன் நோட்டை வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் கையில் ஒரு கூலி மிஞ்சியது.

நெரவி நடராசன்தான் வாயைத் திறந்தான். "அண்ணே, ஒரு ஆளு கொறையுறான் போல இருக்குண்ணே. உள்ளார சரிஞ்ச மாரி சத்தம் கேட்டுச்சு."

"டீ குடிக்கப் போயிருப்பான். ஒனக்குக் கூலி வந்துச்சுல்ல? கெளம்பு."

மிஞ்சிய நோட்டை இடுப்பில் செருகிக்கொண்டு குடோனைப் பூட்டினார்.

காலையில் மூட்டைகளை அகற்றியபோது முதலில் வெளியே வந்தது கைதான். விரலெல்லாம் சாக்கைப் பிராண்டிப் பிராண்டி நார் ஏறியிருந்தது. உடனே சாகவில்லை என்பதைச் சொல்ல டாக்டர் தேவையில்லை. தழும்பைப் பார்த்ததும் நீலகண்டனுக்குத் தெரிந்துவிட்டது. போலீஸ் கேட்டது.

"யாருன்னே தெரியலீங்க. நம்ம ஆளு இல்ல. திருட வந்தவனா இருப்பான்."

சுப்ராயன் பெண்டாட்டி அஞ்சுகம், கைக்குழந்தையோடு லேபர் ஆபீசுக்கும் குடோனுக்கும் நடந்தாள். 'இவன் எங்களிடம் வேலை செய்தவன்' என்று ஒருவர் சொன்னால் போதும், நஷ்டஈடு கிடைக்கும். லாரிக்காரர் காண்ட்ராக்டரைக் காட்டினார். காண்ட்ராக்டர் கையை விரித்தார். நீலகண்டன் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒரு வார்த்தண்ணே" என்றாள் அவள். "ஒங்க காசு கேக்கல. ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அதே வாரம்... அடுத்த யூரியா லோடு. இறக்கி முடித்து, வரிசை உட்கார்ந்தது. கூலி வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் ஒரு கை நீண்டிருந்தது, நோட்டு இல்லை. எண்ணிக் கொண்டுவந்த காசு எப்படிக் குறையும்? திட்டிக்கொண்டே தன் பாக்கெட்டிலிருந்து எடுத்து வைத்தார். விரல் பட்டது. ஜில்லென்று இருந்தது. ஈர யூரியாவைத் தொட்டால் கை அப்படித்தான் ஜில்லிடும், லோடுமேன்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் அவர் பெரிதாக நினைக்கவில்லை.

அடுத்து வந்தது நெல் லோடு. பொட்டு ஈரம் இல்லை. நெல் தூசியில் எல்லோரும் இருமிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மறுபடியும் அந்தக் கை. அதே ஜில்லிப்பு. நனைந்த சாக்கு நாற்றமும், மூக்கைக் குத்தும் யூரியா நெடியும். சிவப்பு வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார். கட்டை விரலடியிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் தழும்பு.

அல்லி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் நீலகண்டன் நடராசனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "ஒம்பக்கத்துல யாருடா உக்காந்திருந்தான்?"

"உக்காந்திருந்த மாரிதாண்ணே இருந்துச்சு. ஈரச் சாக்கு தோள்ல ஒரசுச்சு. நான் திரும்பிப் பாக்கல." நடராசன் குரலைத் தாழ்த்தினான். "அந்தப் பொண்ணுக்காவ ஒரு வார்த்த சொல்லிடுங்கண்ணே. போயிடுவான்."

"சொன்னா எம் பொழப்பு போயிடும்டா."

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? டார்ச் லைட் வாங்கினார். அடுத்த லோடு முடிந்ததும், அவர் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, வரிசையில் இருந்தவர்களின் முகத்தில் வெளிச்சம் அடித்தார். அன்றைக்குத் தூறல். எல்லோரும் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சாக்குக்குள்ளும் ஒரு முகம். கடைசிச் சாக்குக்குள்ளும் ஒரு முகம்... கண் இருந்தது, மூக்கு இருந்தது, தாடி இருந்தது. அது சுப்ராயனா என்று அவரால் சொல்ல முடியவில்லை. எப்போது பார்த்தார் சொல்வதற்கு? இத்தனை வருஷம் கூலி கொடுத்ததில் ஒரு முகம்கூட அவருக்குத் தெரியவில்லை. வரிசை முழுக்கச் செத்தவர்களாக இருந்தாலும் அவருக்கு வித்தியாசம் தெரியாது.

"போடா! நீ என் ஆளு இல்ல!" என்று கத்தினார்.

நீண்டிருந்த கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. லாரி டிரைவர் ஹாரன் அடித்தபோது விட்டது. மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல் பதிந்து தோல் வெள்ளையாக வெந்திருந்தது. வடிவாம்பாள் அந்தத் தடத்தைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். தேங்காய் எண்ணெய் போட்டும் ஆறவில்லையாம்.

விசாரணை நாளில் நீலகண்டன் அஞ்சுகத்துக்கு முன்னாலேயே லேபர் ஆபீசில் போய் நின்றார். அது இரக்கம் என்று வடிவாம்பாள் சொல்கிறாள். பயம் என்று நான் சொல்கிறேன். பயந்து சொன்ன உண்மைக்கு நான் மார்க் போட மாட்டேன்.

"செத்தவன் நம்ம ஆளுதாங்க. நான்தான் கூட்டியாந்தேன். நான்தான் கூலி குடுத்தேன்."

அஞ்சுகம் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். அதிகாரி காண்ட்ராக்டரைப் பார்த்தார். காண்ட்ராக்டர் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு, நீலகண்டனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார்.

"இவரு யாருங்க? எங்க ஆளு இல்லியே."

எந்தத் தாளிலும் நீலகண்டன் பெயர் கிடையாது. அவருக்கும் காண்ட்ராக்டர் மாசா மாசம் கையில்தான் வைப்பார். தலை நிமிராமல், வாசலில் நிற்கவைத்து. அஞ்சுகத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரிச்சிக்குடிக்கு நடந்தே போனாள்.

அன்று பொழுது சாய்ந்து நீலகண்டன் சைக்கிளில் நெரவி ரோட்டில் போனதைப் பார்த்தவர்கள் உண்டு. மறுநாள் சைக்கிள் மட்டும் குடோன் சுவரில் சாய்ந்து கிடந்தது. குடோன் வெளியே பூட்டியிருந்தது. உள்ளே அட்டி அட்டியாகப் பிரித்துத் தேடினார்கள். இல்லை. ஸ்டேஷனில், "எல்லை தாண்டிப் போயிருப்பாரு, நாகூர்ப் பக்கம் தேடிப் பாருங்க" என்றார்கள். வடிவாம்பாளின் அம்மா காண்ட்ராக்டர் வீட்டு வாசலில் போய் அழுதாள். அவர் மாடியிலிருந்தே சொல்லி அனுப்பினார்: அப்படி ஒரு ஆள் நம்மிடம் வேலை பார்த்ததில்லை.

"அவ்வளவுதானா?" என்றாள் அல்லி.

அவ்வளவு இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் புது மேஸ்திரி வந்தார். கைலாசநாதன். நல்ல மனிதர், யாரையும் திட்ட மாட்டார். முதல் லோடு முடிந்து, பின்விளக்கு வெளிச்சத்தில் வரிசை உட்கார்ந்தது. குனிந்தபடியே நோட்டை வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் இரண்டு கை கூடுதலாக நீண்டிருந்தன. ஒன்றில் குறுக்கே தழும்பு. அதற்குப் பக்கத்தில் இருந்தது மெத்தென்ற கை. ஒரு மூட்டைகூடத் தூக்கியிராத கை, ஒரு காய்ப்பு இல்லை. மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல் தடம், வெள்ளையாக.

கைலாசநாதன் இரண்டு கையிலும் கூலியை வைத்தார்.

ஜில்லென்று இருந்ததாம். ஈரச் சரக்கு என்று நினைத்துக்கொண்டாராம். முகத்தைப் பார்க்கவில்லையாம்.