சன்னலோரத்துப் பல் தச்சருக்கு, இரு கைகளாலும் ஏந்த

பீங்கான் பொடியைக் குழைத்துப் பிறர் புன்னகைக்கு உருக்கொடுத்தவரே! ஆயிரமாயிரம் வாய்களில் தம் வேலையை வைத்துவிட்டு, ஒரு வாயிலும் தம் பெயரை வைக்காதவரே! நிறம் பார்ப்பதில் நிகரற்றவராதலால் 'ஷேடண்ணா' ஆனவரே! எங்கள் பல் மருத்துவமனை லேபில் முப்பத்தோராண்டு அமர்ந்து இன்று எழுகின்ற அன்பரே! வணக்கம்.

தாடை எலும்பில் திருகு பதிப்பது டாக்டரம்மாவின் வேலை. எலும்பு அதை இறுகப் பற்றும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பது நோயாளியின் வேலை. அதன்மேல் அமரும் பல்லைச் செய்வது தங்கள் வேலை. நோயாளியின் வாய் உலரும் முன்பே சன்னலோரம் அழைத்துப்போய், நிற மாதிரிகளை ஒவ்வொன்றாய்ப் பல்லருகே பிடித்துப் பார்ப்பீர்கள். உலர்ந்த பல் உள்ளதைவிட வெளுப்பாய்த் தெரியும் என்று எங்களிடம் ஓயாமல் சொல்வீர்கள். வெள்ளை வெளேரென்று கேட்பவரிடம், "பக்கத்து வீட்டைப் பாத்துத்தாங்க இந்த வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும்" என்பீர்கள். யாரேனும் கூச்சப்பட்டு வாயைப் பொத்தினால், "கையை எடுங்க. கைக்கும் சேத்தா பல்லு செய்யறது?" என்பீர்கள்.

அத்தகைய தங்கள் மேல்வரிசையில் பதினோராண்டாய் ஓர் இடம் காலி. பேருந்து சட்டென்று நின்ற ஒரு காலையில் முன்கம்பி பறித்துக்கொண்ட பல் அது. திருகு பதிக்கலாமென்று டாக்டரம்மா எத்தனை முறை அழைத்தும், "எனக்குச் செய்யத்தாம்மா தெரியும், போட்டுக்கத் தெரியாது" என்று நழுவினீர்கள். ஊசி பயம் என்பது ஊரறிந்த ரகசியம். வரவேற்பறைச் சுவரில் ஆண்டுக்கொன்றாய் மாட்டிய குழுப்படங்களில் கடைசிப் பதினொன்றிலும் தங்கள் வாய்மேல் தங்கள் கை. சிரிக்க வைப்பவரும் தாங்களே. நாங்கள் சிரிக்கையில் முகத்தை மூடிக்கொள்பவரும் தாங்களே. அதைப் பார்த்தும் நாங்கள் பேசாதிருந்தோம். மரியாதை என்று நினைத்தோம். இன்று யோசித்தால், அது வெறும் தயக்கம்தான்.

ஐந்து மாதம் முன்பு டாக்டரம்மாதான் உடைத்துக் கேட்டார்: "ஓய்வு நாள் படத்துலயும் கையைத்தான் காட்டப்போறீங்களாண்ணா?" மறுநாள் தாங்களே வந்து நாற்காலியில் அமர்ந்தீர்கள், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

திருகு பிடித்தது. "என் பல்லை நான்தான் செய்வேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன் அரைமணி நேரம் வாயைத் திறந்தபடி நிறம் தேர்ந்தீர்கள். பல் கச்சிதமாய்ப் பொருந்தியது. நிறமோ பால் வெள்ளை!

"அண்ணா, இது உங்க பல்லா, உங்க பேரனோடதா?" என்றார் டாக்டரம்மா. அரைமணியில் வாய் உலர்ந்து போயிருந்தது. ஊருக்கெல்லாம் சொன்ன எச்சரிக்கை, தங்கள் வாயருகே வந்தபோது மறந்துவிட்டது! நாங்கள் சிரித்த சிரிப்பில் தங்கள் கையும் மேலேறியது.

அப்போதுதான், ஒன்பதாண்டாய்ப் பக்கத்து மேசையில் வேலை செய்யும் லேப் தங்கை தங்களைச் சன்னலோரம் நிறுத்தினாள். "கையை எடுங்கண்ணா. கைக்கும் சேத்தா பல்லு செய்யறது?"

அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தீர்கள். பிறகு கை இறங்கியது.

அவள் நிறம் பார்த்து மறுபடி செய்த பல்லில் லேசான மஞ்சள். ஓரத்தில் தங்கள் வயதுக்கேற்ற ஒரு மெல்லிய கோடு. முந்தாநாள் அது வாயில் அமர்ந்ததும் கண்ணாடியில் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல புதுசு எதும்மா?" என்றீர்கள். ஒன்பதாண்டில் அவள் தங்களிடம் வாங்கிய முதல் பாராட்டு!

பல் வந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. இன்று காலைத் தேநீர் வேளையிலும் அந்தக் கை மேலேறியதைக் கண்டோம். ஆகவே இம்மடலுக்குக் கனமான மரத்தில் பெரிய சட்டம் போடச் சொன்னோம். "சுவரே இறங்கிடுமேங்க!" என்றார் சட்டம் போட்டவர். இறங்கட்டும்.

அண்ணா! கடித்து உண்ணக் கரும்பும், கதை பேச வீடு நிறைந்த உறவும், குறையா உடல்நலமும் கூடிவர, பல்லாண்டு மகிழ்ந்திருங்கள்! இப்போது எழுந்து வந்து இம்மடலைப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு கையால் தூக்க முடியாது. படம் எடுப்பவர் தயாராக நிற்கிறார்.

சிரிங்கண்ணா.

என்றும் தங்கள்,
டாக்டரம்மா, லேப் தங்கை, வரவேற்பறைத் தோழி, துப்புரவு அக்கா மற்றும் மருத்துவமனைக் குடும்பத்தார்