அண்ணன் வைக்காத முதற்பூசை

கொள்ளிடத்து மணலில் ஓடுகிறோம். மே மாதம், 1958. ஞாயிறு. காலை ஏழு மணி தாண்டிவிட்டது. ஆற்றில் தண்ணீர் இல்லை. பாலத்தில் ஆட்கள் கம்போடு நிற்கிறார்கள். அதனால்தான் ஆற்றில் இறங்கினோம்.

அண்ணன் நடுவில். ஒரு பக்கம் நான். மறுபக்கம் அம்மா. அண்ணனின் வெள்ளை அங்கி முழங்கை வரை சிவப்பு. வலது கையில் ஒரு துணி சுற்றியிருக்கிறது. அண்ணன் பாதிரியாராகக் குருப்பட்டம் வாங்கியபோது ஆயர் கைகளில் தைலம் பூசி அந்தத் துணியால் கட்டினார். பிறகு அது தாய்க்குச் சொந்தம். அவள் இறந்தால் அவளோடு புதைப்பார்கள். அம்மா அதை மடியில் வைத்திருந்தாள். வேறு துணி கையில் இல்லை. அதைத்தான் கட்டினாள்.

"கல்லு வருது! குனிம்மா! குனி!"

கத்தியது நான். கல் மணலில் விழுந்தால் சத்தமே இல்லை. கூரை ஓட்டில் விழுந்தால் வெடிக்கும். இரண்டையும் அன்று காலையில் கேட்டேன்.

"சாமி, கைய மேல தூக்கிப் பிடிங்க," என்கிறாள் அம்மா. பட்டம் வாங்கிய நாளிலிருந்து பெற்ற மகனை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

பின்னால் கோயில் மணி அடிக்கிறது. பூசைக்கான இரண்டாம் மணி.

அண்ணன் பெயர் சூசை. எங்கள் ஊர் கொள்ளிடத்தின் வடகரையில் இருந்தது. ஒரே கோயில், இரண்டு தெரு. மேலத்தெருக்காரர்களுக்குக் கோயிலின் நடுக்கூடத்தில் பெஞ்சு. கீழத்தெருக்காரர்களான எங்களுக்கு இடப்பக்கம், மரக்கிராதிக்குப் பின்னால், தரை. பூசைக்கு உதவி செய்யும் பையன்கள் மேலத்தெருவிலிருந்து மட்டும் வருவார்கள். ஒரு நாள் யாரும் வரவில்லை. சாமியார் லத்தீனில் முதல் வரியைச் சொன்னார். பதில் சொல்ல ஆளில்லை. கிராதிக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்திருந்தார். அன்று மாலை என்னிடம் சொன்னார்: "என்னக் கூப்பிட்டாங்கடா."

"யாரு, சாமியாரா?"

"அவரு இல்லடா."

பிறகு குருமடத்தில் சேர்ந்தார். பல வருஷம் படித்தார். கீழத்தெருவின் முதல் குரு ஆனார். ஊரில் முதற்பூசை வைப்பது வழக்கம். பூசை முடிந்ததும் புதுக்குரு பீடத்துக்கு முன்னால் நிற்பார். ஊரார் வரிசையாக வந்து தைலம் பூசிய உள்ளங்கைகளை முத்தமிடுவார்கள்; எங்கள் பேச்சில் முத்தி செய்வது.

அதுதான் மேலத்தெருவுக்குப் பொறுக்கவில்லை. பங்குச் சாமியார் நடுவில் நின்று கெஞ்சினார். அண்ணன் இறங்கி வந்தார். "யாரும் கைய முத்தி செய்ய வேணாங்க. பூசை மட்டும் வைக்கிறேன். போயிடுறேன்."

"அப்ப நன்மை யாரு கையால வாங்குறது?" என்று கேட்டார் உபதேசியார். பூசையில் குரு ஒவ்வொருவர் நாக்கிலும் வைக்கும் அப்பம்தான் நன்மை. உபதேசியார் இரண்டு தெருப் பிள்ளைகளுக்கும் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர். எங்களைத் தரையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

அந்த ஞாயிறு, காலை ஆறரை. எங்கள் தெருவில் கல் விழத் தொடங்குகிறது. ஓடுகள் உடைகின்றன. பிறகு கூரை வீடுகளில் தீ. அண்ணன் கோயிலை நோக்கி நடக்கிறார். ஓடவில்லை. நான் பின்னால் போகிறேன். வாசலில் ஐந்தாறு பேர். பூசைக்கு உடுத்திய வெள்ளை வேட்டி. ஒருவன் கையில் கோடாலி. வாசற்படி என்பதால் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டிருந்தான்.

என்னை இருவர் சுவரோடு அழுத்தினார்கள். அண்ணனைக் குப்புறத் தள்ளினார்கள். வலது கையைப் படிக்கல்லில் வைத்தார்கள்.

"கைய விடு! வெரலு! கட்டவெரலும் பக்கத்து வெரலும்!" உபதேசியாரின் குரல். பாடம் சொல்லும் அதே குரல். அப்பத்தைத் தொடுவது அந்த இரண்டு விரல்கள். அவை இல்லாதவன் பூசை வைக்கக் கூடாது. அவருக்குச் சட்டம் தெரியும்.

கோடாலியின் பின்பக்கத்தால் அடித்தான். மூன்று அடி. முதல் இரண்டும் மந்தமான சத்தம். மூன்றாவது கல்லில் பட்டுக் கணீரென்றது.

வழியில் ஓடிவந்து சேர்ந்த அம்மாவோடு ஆற்றைக் கடந்து தென்கரை ஏறினால் ஸ்ரீரங்கம். மதில் ஓரம் ஒரு குதிரை வண்டி. வண்டிக்காரர் வயதான பாய்.

"ஏறுங்க, ஏறுங்க. யா அல்லா! பாதிரியாருங்களா? யாரு அடிச்சது? எங்காளுங்களா?"

"இல்ல பாய்."

"அப்ப யாருங்க? இந்த ஊரு ஐயருங்களா?"

"எங்க கோயில்காரங்க பாய். பூசைக்கு வந்தவங்க."

அவர் திரும்பி அண்ணனின் கையைப் பார்த்தார். பிறகு குதிரையைப் பார்த்தார். காவிரிப் பாலம் முடியும்வரை அதை விரட்டினார்.

திருச்சி புத்தூர் ஆஸ்பத்திரி. மத்தியானத்துக்குள் இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள். நர்ஸ் துணியை வெட்டி வாளியில் போட்டாள். அம்மா வாளியைத் தேடிப் போனாள். அதற்குள் எரித்திருந்தார்கள்.

அன்று எங்கள் ஊர்க் கோயிலில் பூசை நிற்கவில்லை. பங்குச் சாமியார் வைத்தார். மேலத்தெரு முழுக்க நன்மை வாங்கியது. படிக்கல்லைக் கழுவிவிட்டார்கள். நான் அப்போது திருச்சியில் ஒரு நாளிதழில் பிழைதிருத்துபவன். "கோயிலில் தள்ளுமுள்ளு, ஒருவர் காயம்." மூன்று வரி. என் மேசைக்கு வந்தது. எழுத்துப்பிழை இல்லை.

கோர்ட்டில் யாரும் எதையும் பார்க்கவில்லை. எங்கள் சாட்சி சொந்தக்காரர் சாட்சி என்று தள்ளப்பட்டது.

விரல் இல்லாதவர் பூசை வைக்க ரோமாபுரியின் அனுமதி வேண்டும். கேட்டிருக்கிறோம் என்றார்கள் ஆயர் இல்லத்தில். வந்ததா என்று கேட்டால், வரும் என்றார்கள். ஒரு வருஷம் கழித்து மேலிடத்துச் சாமியார் ஒருவர் அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நானும் உடன் இருந்தேன். காபி கொடுத்தார். கனிவாகத்தான் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. ஆண்டவரு நெஜமாவே உங்களக் கூப்பிட்டிருந்தா, அந்தக் கை போக விட்டிருப்பாரா? யோசிச்சுப் பாருங்க."

மேலத்தெருவில் இதையே வேறு மாதிரி சொன்னார்கள். கூப்பிட்டவரே திருப்பி அனுப்பிட்டாரு என்று சிரித்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். பாலக்கரை வந்ததும் பேசினார்.

"அது நிக்கலடா. இன்னும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கு. காலையில எந்திரிக்கும்போதே கேக்குது. நின்னுட்டாத் தேவலை."

பஸ் நின்றதும் இறங்கினோம்.

அண்ணனை மாணவர் விடுதி ஒன்றில் வைத்தார்கள். பாவங்களைச் சொல்ல வந்தவர்களிடம் பாவசங்கீர்த்தனம் கேட்டார். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்தார். அறுபதுகளின் நடுவில் பூசை தமிழுக்கு மாறியது. குரு மக்களைப் பார்த்து நின்றார். அண்ணன் கடைசித் தூணருகே நின்று ஒவ்வொரு சொல்லையும் உதட்டுக்குள் சொன்னார். அப்பத்தை உயர்த்தும் இடத்தில் மட்டும் தலை கவிழ்ந்துவிடும். 1967இல் மஞ்சள் காமாலை. பத்து நாளில் போய்விட்டார். ரோமாபுரிப் பதில் அப்போதும் வரவில்லை. மனு திருச்சியை விட்டே போகவில்லை என்று பிறகு ஒரு குமாஸ்தா சொன்னார்.

இழந்தவை. எரிந்த வீடுகள் ஒன்பது. ஆடுகள் நான்கு. தலையில் கல் பட்டு மூன்றாம் நாள் இறந்த பெரியப்பா செபமாலை. ஊரை விட்டுப் போய்த் திரும்பி வராத குடும்பங்கள் ஆறு. வலது கையில் இரண்டு விரல்கள். அம்மா, 1963இல். தண்டனை பெற்றவர்கள் இல்லை. பட்டத்தன்று ஆயரோடு சேர்ந்து சொன்னதைத் தவிர, ஒன்பது வருஷத்தில் அண்ணன் வைத்த பூசை ஒன்றுமில்லை. அவருக்குப் பிறகு கீழத்தெருவிலிருந்து யாரும் கூப்பிடப்பட்டதாகச் சொல்லவில்லை.