லாரிப் பட்டறையில் கழற்றிய கார் சைலன்சர்

அஞ்சாவதோடு நின்றவன் நான். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி ஓட்டியே மூன்று ரிக் வாங்கினேன்; எந்த வண்டிக்கு என்ன நோவு என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். அன்றைக்குச் சேலத்திலிருந்து திருச்செங்கோடு போகிற பஸ்ஸில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. முன் சீட்டில் டாக்ஸி ஓட்டுகிற பெண், பக்கத்தில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் அவளுடைய அண்ணன்.

"ஏனுங்ண்ணா, என்ற டாக்ஸி குடலை உருவி எறிஞ்சுட்டு, சத்தம் நின்னுபோச்சுன்னு பெருமை பேசறீங்களா?"

"கடகடங்குதுன்னு நீதான அம்மிணி கொண்டாந்த? சைலன்சர்ல புகையச் சுத்தம் பண்ற டப்பாக்குள்ள தேன்கூடாட்டம் ஒண்ணு ஒடைஞ்சு கெடந்துச்சு. தட்டிக் கொட்டிட்டு, வெறும் டப்பாவ வெல்டு வெச்சுட்டேன். பழைய லாரிக்கெல்லாம் அப்படித்தான்."

"இது லாரிங்களா? புகை டெஸ்ட்ல போச்சு, வண்டி ஓட்டத் தகுதின்னு தர்ற எஃப்.சி. குடுக்கமாட்டேன்னு ஆர்.டி.ஓ. ஆபீசுல இன்னிக்குத் திருப்பி உட்டுட்டாங்க. வண்டி ஓடாம நானும் எம்புள்ளையும் மண்ணையா திங்கறது?"

"ஆபீசர்கிட்ட நான் பேசறேன்."

"பேச வேண்டாம். போன மாசம் உங்க காரு இதே மாதிரி கடகடன்னப்ப, கம்பெனிக்குக் கொண்டுபோய்ப் புதுசு மாட்டிட்டு வந்தீங்களே. அன்னிக்கு உங்க சுத்தியலு எங்கீங்ண்ணா போச்சு?"

அவள் கையை நீட்டினாள்.

"ஊட்டுல நிக்கற உங்க கார் சாவியக் குடுங்க. எனக்கு எஃப்.சி. வாங்கித் தர்ற வரைக்கும் அது எங்கூட்டு வாசல்ல நிக்கட்டும். நீங்க பஸ்ஸுலயே போங்க."

சங்ககிரி தாண்டும் வரை நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. சாவி கைக்கு வந்த பிறகுதான் மடக்கினாள்.